பெயிண்ட் பிரஷ் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள பொகுமிலா,

உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம். இங்கே பீட்ரூட் சூப்தான் உன் கைப்பக்குவத்தில் இல்லை.

உன் அண்ணன் எட்வார்ட் இருபது வருடம் ஓட்டிய, நிலக்கரி ரயில் இழுத்த பச்சை மின்சார இன்ஜினை அருங்காட்சியகத்துக்காகப் புதுப்பிக்கத்தானே என் பழைய மாணவன் ஸெனோன் என்னை அழைத்தான்? மூன்று வாரமாக அதன் மோட்டார்களைச் சேதமில்லாமல் கழற்ற இங்குள்ள தொழிலாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். நேற்று அவற்றை வேறு இன்ஜின்களில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மிச்சமுள்ள கூடு பழைய இரும்புக்குப் போகிறதாம்.

"என்னடா இது?" என்று ஸெனோனிடம் கேட்டேன்.

"உண்மையைச் சொன்னா வந்திருப்பீங்களா சார்? ஒரு இன்ஜினைப் பிரிச்சா நாலு ஓடும்னு வகுப்புல நீங்கதானே உதாரணம் சொன்னீங்க?" என்று டீயை நீட்டினான்.

நான் சொன்னதுதான். டீயை வாங்கிக் குடித்தேன்.

நான் கேட்டிருந்த பெயிண்ட் பிரஷ்களை அனுப்பாதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போதும். தபால் எடுக்க வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். ஞாயிறன்று தன் இன்ஜினைப் பார்க்க எட்வார்ட் கிளம்புவார். இங்கே பனி அதிகம், வர வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் சொன்னதாகச் சொல், நம்பிவிடுவார்.

உன்,
லூட்விக்