நான் ஓடினால் கடல் வருகிறதாம்

ஜூலை 3, வியாழன்

விடியவே கச்சான், மேற்கிலிருந்து வரும் வறட்டுக் காற்று. வாயெல்லாம் மணல். பாலம் வரை ஓடித் திரும்பினேன், எங்கும் நிற்காமல். மூன்று மாதம் முன்பு பள்ளிக்கூடச் சந்தியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இவ்வளவு நாளும் வாவிக்கரையால் ஓடினேன், இன்றுதான் முதல் தரம் எங்கள் ஒழுங்கையால். சந்தோசமாக எழுதவேண்டிய நாள். எழுத விடவில்லை.

திரும்பி வந்தால் வீட்டு வாசலில் நாலு பெண்கள். நடுவில் தங்கம், எங்கள் ஒழுங்கையில் நாலு வளவு தள்ளி இருப்பவள். இனி அவளை த. என்றுதான் எழுதுவேன். பெயரை முழுக்க எழுத மனமில்லை. என்னோடு கதைக்கவில்லை. நான் பக்கத்தில் நிற்க, என் மகள் சுதாவிடம் முறைப்பாடு, ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

"கொம்மாவ ஓட வேணாமெண்டு சொல்லு மனெ. விடியப்புறத்தில தலைவிரி கோலமா ஒருத்தி ஓடினா நாங்க என்னெண்டு நினைக்கிற? கடல் வந்திட்டெண்டு பையையும் தூக்கிக்கொண்டு நான் சந்தி மட்டும் ஓடிட்டன்."

"என்ட மனிசன் இடுப்பில சாரத்தோட மட்டும் ஓடினவர்" என்றாள் மற்றவள்.

"சாரமெண்டாலும் கிடந்திச்சே" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். த. சிரிக்கவில்லை. கையில் அந்தப் பை இன்னும் இருந்தது. வீட்டு உறுதிப் பத்திரம், அடையாள அட்டை, மருந்து எல்லாம் அதற்குள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருசத்திலிருந்து கதவடி ஆணியில் தொங்குகிற பை.

தலைவிரி கோலம் இல்லை. கொண்டை போட்டிருந்தேன். இதை அங்கே சொல்ல மறந்துபோனேன், ஆகவே இங்கே எழுதுகிறேன்.

சுதா: "நடங்களன் அம்மா. டொக்டரும் நடக்கத்தானே சொன்னவர்."

நடை எனக்குச் சரிவராது. நடந்தால் பழசெல்லாம் கூடவே நடந்து வருகிறது. ஓடினால் மூச்சைத் தவிர வேறொன்றுக்கும் இடமில்லை.

தைக்க எடுத்த இரண்டு சட்டைக்குக் கை வைக்கவேண்டும். வைக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இரவு முழுக்க அதே யோசனை. ஒவ்வொரு நாளும் விடிய அதே ஒழுங்கையால் பொடியன்கள் ஓடுகிறார்கள். காதில் வயர், முழங்காலுக்கு மேல் காற்சட்டை. அவர்களுக்காக ஒருவரும் பை தூக்குவதில்லை. பொடியன் ஓடினால் உடற்பயிற்சி. கிழவி ஓடினால் கடல்.

வித்தியாசம் உடுப்பில்தான் என்று முடிவு. நான் ஓடுவது ஹவுஸ்கோட்டிலும் றப்பர் செருப்பிலும். சப்பாத்துப் போட்டால் விளையாட்டென்று விளங்குமாம். மற்றவர்களுடைய பயத்துக்கு என் காலில் மருந்து கட்டவேண்டும். சரி. வாங்குகிறேன். அவர்களுக்காக இல்லை.

இருபதாம் திகதி விளையாட்டுக் கழகத்தின் பத்து கி.மீ. ஓட்டம். பாலத்தடியில் தொடங்கி, எங்கள் ஒழுங்கையால் போய்க் கடற்கரை வீதியில் ஏறி, சுற்றி மறுபடி பாலம். அதில் ஓடவேண்டும். அதற்காகத்தான் இந்த மூன்று மாதமும். வீட்டில் சொல்லவில்லை. கைத்தொலைபேசியில் பார்த்து நானாகப் பழகினது. மூச்சு இப்படி, முழங்கை அப்படி, குதியை நிலத்தில் அடிக்கக்கூடாது. தையலும் அப்படித்தான் பழகினேன். பழுதான உடுப்பைப் பிரித்துப் பிரித்து.

ஜூலை 7, திங்கள்

பஸ்ஸில் காத்தான்குடி. சப்பாத்துக் கடை. வெக்கை.

"பேரனுக்கா அம்மா?" என்றார் முதலாளி.

"எனக்கு."

"நடக்கிறதுக்கா?"

"ஓடுறதுக்கு."

கொஞ்சம் யோசித்தார். "எங்க ஓடப் போறீங்க?"

"எங்கயும் இல்ல. ஓடிட்டு வீட்டதான் வருவன்."

சிரிக்காமல் எழும்பிப் போய்ப் பெட்டி எடுத்தார். அதற்காக அவருக்கு ஒரு புள்ளி. பெண்களின் சப்பாத்து எல்லாம் இளஞ்சிவப்பு, எல்லாம் ஒடுக்கம். யாருடைய காலை அளந்து செய்தார்களோ. நாற்பது வருசம் தையல் மெசின் மிதித்த கால் என்னுடையது, முன்பக்கம் விசிறிபோல. கடைசியில் ஆண்களின் சப்பாத்து. கறுப்பு, பச்சை அடி. முதலாளி பெருவிரலுக்கு முன்னால் அமர்த்திப் பார்த்தார்.

"இன்னும் ஒண்டு பெரிசு போடுங்க. ஓடக்குள்ள கால் வீங்கும்."

"விலை கூடவோ?"

"சைசுக்கு விலை கூடுறல்ல அம்மா. இல்லாட்டி நானெல்லாம் சப்பாத்தே போடேலாது." அவருடைய கால் என்னுடையதிலும் பெரிது.

வாங்கினது: சப்பாத்து, தடித்த காலுறை இரண்டு சோடி. வாங்காதது: மணிக்கூடு (சுவரில் இருக்கிறது), நெற்றிப் பட்டி, வயிற்றில் கட்டும் போத்தல் பட்டி. அது குண்டு கட்டியதுபோல் இருக்கிறது. அதோடு ஓடினால் த. பையை விட்டுவிட்டு ஓடுவாள்.

காற்சட்டை நானே தைத்தேன். பருத்தி, இடுப்பில் இலாஸ்டிக், கதவைப் பூட்டுகிற திறப்பை வைக்க மூடி வைத்த பொக்கற். அறைக்குள் பத்துத் தரம் ஓடிப் பார்த்ததில் உள்தையல் தொடையை உரசியது. பிரித்து, மடிப்பை வெளிப்பக்கம் வைத்துத் தைத்தேன். மேலுக்கு மஞ்சள் ரீசேட். கடலுக்குப் பயந்து ஓடுகிறவள் மஞ்சள் தேடி உடுத்தமாட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

சப்பாத்தில் நாலாம் நாள். ஆறு கி.மீ. இடது சின்னவிரல் கொப்புளம். மூச்சு பரவாயில்லை.

திரும்பி வரும்போது தன் கேற்றடியில் த. பையோடு. மஞ்சள் ரீசேட், காற்சட்டை, சப்பாத்து எல்லாம் போட்டும் பையோடு.

"இப்ப என்ன குறை உனக்கு?" என்றேன்.

"சப்பாத்து இன்னும் மோசம்கா. செருப்பெண்டா சளக் சளக்கெண்டு கேக்கும், நீதானெண்டு விளங்கும். ரெண்டு நாளில பழகியிருப்பன். இது ஆரோ துரத்திற மாதிரிக் கிடக்கு."

காத்தான்குடி வரை போய், கொப்புளம் வரை வாங்கி, கடைசியில் செருப்பே திறமாம்.

கத்திவிட்டேன். "உனக்கு மட்டுமாகா கடல் வந்தது? அண்டைக்கு நானும்தானே ஓடினன்."

"ஓடினாய். தப்பினாய். என்ட மனிசன் ஓடல்ல." சொல்லிவிட்டு உள்ளே போனாள். கேற்றைக்கூட அடித்துச் சாத்தவில்லை. அடித்திருக்கலாம்.

எனக்குக் கோபம் கூடியது, குறையவில்லை. அன்றைக்கு என்னை ஓட்டியது கடல். சுதாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று தெரியாமல். அதற்கு முன்பு சண்டைக் காலத்திலும் ஓடியிருக்கிறோம், ஒவ்வொரு முறையும் யாரோ ஓட்டி. இப்போது ஒருவரும் ஓட்டவில்லை. நானாக வெளிக்கிட்டு, நானாகத் திரும்பி வருகிறேன். இந்த ஒன்றுதான் எனக்கு வேண்டும். இதைப் போய் ஒழுங்கை முழுக்க விளங்கப்படுத்த வேண்டுமா?

கொப்புளத்துக்கு மஞ்சள். மீன்காரன் வந்து போய்விட்டான். பருப்புத்தான்.

ஜூலை 14, திங்கள்

கழகத்துக்குப் போனேன். செயலாளர் தம்பி சின்னப் பொடியன், மரியாதை கூடின பொடியன். இருக்கக் கதிரை தந்தார், குடிக்கத் தேத்தண்ணி தந்தார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"உங்கட பேர் போட்டாச்சு அம்மா. அறுபதுக்கு மேல பெண்களுக்கு மூத்தோர் நடை. ரெண்டே ரெண்டு கிலோமீற்றர். சோக்கா இருக்கும். தொப்பியும் குடுக்கிறம்."

"நான் கேட்டது பத்து. ஓட்டம்."

"விழுந்திட்டீங்கண்டா ஆரம்மா பதில் சொல்ற?"

"விழுந்தா எழும்புவன். பதில் ஆரும் சொல்லத் தேவல்ல."

தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: "அண்ணனும் வந்து நடையில போடச் சொல்லித்தான் சொன்னவர்."

அண்ணன் என்றால் என் மருமகன். எனக்கு முதலே போய், எனக்குத் தெரியாமல், என் பேரை நடையில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் ஓட்டத்துக்குப் பழகுவது தெரிந்திருக்கிறது. வாயைத் திறக்காமல் முடித்திருக்கிறார்.

இந்த வீடு நான் தைத்துக் கட்டியது. கடல் தின்ற பிறகு இரண்டாம் தரமும் கட்டியது. சுதாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தேன், எங்கள் வழக்கம், மகளுக்குத்தான் வீடு. மருமகன் ஒரு சூட்கேசோடு வந்தார். எனக்குப் பின்னறை போதும் என்று நானே சொன்னேன். வீட்டைத்தான் எழுதினேன். என் காலை எழுதிக் கொடுக்கவில்லை.

ஜூலை 16, புதன்

எட்டு கி.மீ. கோபத்தில் ஓடினால் தொடக்கம் வேகம், கடைசியில் கால் கட்டை. இது எந்தப் பாடத்திலும் சொல்லவில்லை.

பேக்கரியடி நாய் துரத்தியது. பிறகு அதற்கே களைத்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

ஓய்வு. சின்னவிரல் அடங்கவில்லை. புதுச் சப்பாத்தின் பக்கத்தைப் பிளேட்டால் கீறி, விரலுக்கு வழிவிட்டு, கிழியாமல் ஓரம் சுற்றித் தைத்தேன். பொத்தான் ஓட்டைத் தையல். வடிவாக இல்லை. கால் சிரிக்கிறது.

மருமகன் சோற்றுக்கு இருக்கும்போது கதை தொடங்கினார். "உங்கட நன்மைக்குத்தான் மாமி."

"என்ட நன்மைய நான் பாக்கிறன். நீங்க உங்கட வண்டி வயித்தப் பாருங்க. குனிஞ்சா கால் தெரியுதா எண்டு."

சுதா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள், புரைக்கேறியது. மருமகன் அதன் பிறகு இரண்டாம் தரம் சோறு போடவில்லை. நல்லது.

ஜூலை 20, ஞாயிறு

காற்றில்லை. வாவி கண்ணாடிபோல. பாலத்தடியில் ஒலிபெருக்கி, குளுக்கோஸ் தண்ணீர், இலக்கத் துண்டு குத்திய சனம். எனக்குத் தந்தது தொப்பி. முன்னால் "மூத்தோர் நடை" என்று எழுதியிருந்தது. மடித்துப் பொக்கற்றில் வைத்தேன். பொக்கற் தைத்தது வீண்போகவில்லை.

நடை பிறகுதானாம். முதலில் பத்து கி.மீ. விசில் ஊதினார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஓடினேன்.

கொஞ்சத் தூரத்தில் பின்னால் சத்தம். செம்மஞ்சள் அங்கி போட்ட தொண்டர் பொடியன்கள் இரண்டு பேர். "அம்மா, நில்லுங்க. நம்பர் இல்லாம ஓடேலாது. நில்லுங்கம்மா." கையில் தண்ணீர்ப் பெட்டி, காலில் செருப்பு. பிடிக்க முடியவில்லை. கத்தினார்கள், நான் ஓடினேன், அவர்கள் இன்னும் கத்தினார்கள்.

இப்படியே எங்கள் ஒழுங்கைக்குள். அதற்குள் மற்ற ஓட்டக்காரர் எல்லாம் கடந்து போயாயிற்று. முன்னால் ஒரு கிழவி, பின்னால் கத்திக்கொண்டு இரண்டு பேர். பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? கதவுகள் திறந்தன. ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வெளியே வந்துவிட்டாள். கேற்றடியில் த., தோளில் பை. அந்த முகத்தை நான் இருபது வருசத்துக்கு முன்பு பார்த்திருக்கிறேன். கால் தானாக நிற்கப் பார்த்தது.

நிற்கவில்லை. இருந்த மூச்சையெல்லாம் எடுத்துக் கத்தினேன். "தங்கம், கடல் கிடந்த இடத்திலதான் கிடக்கு. இது போட்டி."

வாயைத் திறந்தபடி நின்றாள். நான் கடந்தேன். பிறகு பின்னால் அவளுடைய குரல், பொடியன்களுக்கு: "ஓடுறவள ஏன்டா மறிக்கிற? அண்டைக்கு நிண்டவங்கதான் போனாங்க. விடு அவள."

திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சத்தம் நின்றுவிட்டது. கடற்கரை வீதியில் நானும் கடலும்தான். அது பேசாமல் கிடந்தது.

முடிவிடத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒருவர் இருந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஆகவே நான் கடைசி இல்லை. செயலாளர் தம்பி வந்தார். "நடை முடிஞ்சுதே அம்மா. எங்க நிண்டீங்க?"

எங்கே நின்றேனாம்.

பதக்கம் இல்லை. நகம் ஒன்று கறுத்துவிட்டது. கீறித் தைத்த இடம் பிரியவில்லை.

ஜூலை 21, திங்கள்

உடம்பு முழுக்க உலக்கையால் இடித்ததுபோல. படியில் பின்பக்கமாக இறங்கினேன்.

மருமகன் கைத்தொலைபேசியோடு ஓடி வந்தார், பெருமையாக. "மாமி, உங்கட படம் போட்டிருக்காங்க." கழகத்தின் முகநூல். மஞ்சள் ரீசேட்டில் நான். கீழே: மூத்தோர் நடையில் உற்சாகத்துடன் கலந்துகொண்ட அன்னை.

பெருப்பித்துப் பார்த்தேன். படத்தில் என் இரண்டு காலும் நிலத்தில் இல்லை. அதை நடை என்று எழுதியிருக்கிறார்கள். பார்த்த எல்லோரும் இதயம் போட்டிருக்கிறார்கள், மருமகன் உட்பட.

செயலாளருக்குப் போன் எடுத்தேன். "நல்ல படம்தானே அம்மா" என்றார். மாற்றச் சொன்னேன். பார்ப்போம் என்றார். நாளைக்கும் எடுப்பேன். மாற்றும் வரை எடுப்பேன்.

பின்னேரம் தங்கம் வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "நேத்து நான் அந்தப் பொடியன ஏசினதுக்காக உன்னோட கோவம் தீந்திட்டெண்டு நினைக்காத."

"ஆர் நினைச்ச?"

"ஓடுறதெண்டா கத்திக்கொண்டு ஓடு. நேத்துக் கத்தின மாதிரி. வாய் இருக்குத்தானே உனக்கு."

ஒவ்வொரு நாள் விடியவும் நான் கத்தவேண்டுமாம், இவள் படுத்திருக்க. முடியாது என்றேன். போய்விட்டாள்.

ஜூலை 23, புதன்

மறுபடி கச்சான். படம் மாற்றவில்லை. கால் பரவாயில்லை, ஆகவே மெல்ல மூன்று கி.மீ.

தங்கத்தின் கேற்றடி வந்ததும் வேகத்தைக் குறைக்காமல் கத்தினேன். "கடல் கிடந்த இடத்திலதான் கிடக்கு."

இருட்டுக்குள் இருந்து, பாயில் புரண்டு படுக்கிற குரல்: "நீயும் கிடந்த இடத்தில கிடவன்கா."

ஓடினேன்.