ஆண்டனி பாஸ் ஆகிவிட்டானாம்

போபோடி, புணே
12 ஆகஸ்ட் 1999

பாமா,

நாம் இருவரும் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டாஃப் ரூமில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அன்றைக்கு இன்ஸ்பெக்ஷன். ஹெட்மாஸ்டர் வழக்கம்போல் கல்யாணசுந்தரத்தை எழுப்பி எட்டாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். எந்த அதிகாரி வந்தாலும் எழுந்து நிற்பது அந்தப் பையன்தான், சொல்வதும் அந்த வாய்ப்பாடுதான். "குட், குட்" என்று எழுதிக்கொண்டு அதிகாரி போனார். நீ டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாய்: "ஏன் கனகா, இவங்க அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கறாங்களா, இல்ல அவனை வெச்சு இவங்க பாஸ் பண்றாங்களா?"

அதே கேள்வியை இன்று உன்னிடம் திருப்பிக் கேட்கிறேன். போனில் கேட்டால் நீ என்னைப் பேச விடமாட்டாய். அதனால்தான் ஒரே ஊரில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறேன். சௌக்கியமா என்று விசாரிக்க இந்தத் தடவை மனம் வரவில்லை.

என் பக்கத்து வீட்டு சோனியாவை உனக்குத் தெரியும். சேவியரின் மனைவி. அவன் காலையில் ஃபாக்டரிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவான். மகன் ஆண்டனிக்கு மூன்று வயதாகப் போகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அம்மா என்றோ மம்மி என்றோ ஒரு வார்த்தை கிடையாது. காதில் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வருஷம் நான்தான் அவளை உன் மையத்துக்கு அனுப்பினேன். "வளர்ச்சி பிந்துகிற குழந்தைகளைச் சின்ன வயதிலேயே கவனிக்கவும், வீட்டாருக்குத் துணை நிற்கவும் ஆட்களைத் தயார் செய்கிற இடம். பாமா நடத்துகிறாள், பயப்படாமல் போ" என்று சொன்னேன். உன் பெயரை வைத்து வாக்குக் கொடுத்தேன்.

நடந்தது என்ன? உன் மாணவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தோள்பையைத் திறந்து பச்சை விரிப்பை விரித்தார்கள். சிவப்புக் கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள், வட்டத்தையும் முக்கோணத்தையும் பலகையில் பொருத்தச் சொன்னார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் படிப்பு முடிந்ததும் அடுத்த பேட்ச் வந்தது. மறுபடி அதே விரிப்பு, அதே கட்டை. சோனியா சிரித்த முகத்தோடு கதவைத் திறப்பாள், ஹிந்தி நன்றாகப் பேசுவாள், வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம். அதனால் ஒவ்வொரு பேட்சுக்கும் அதே வீடு. குழந்தைக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, பாமா. சோதித்துக்கொண்டே இருந்தார்கள். பையன் சோதனையைப் பழகிக்கொண்டான்.

நேற்று சோனியா வந்து என் சமையலறை வாசலில் நின்றாள்.

"டீச்சர், ஆண்டனி பாஸ் ஆயிட்டானாம். வயசுக்குச் சரியா இருக்கானாம். மையத்துல செவ்வாய்க்கிழமை பேச்சு கிளாஸ்ல சேர்க்கச் சொல்லிக் கேட்டிருந்தேன்ல, அது வேணாம், இடம் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"நல்லதுதானே" என்றேன், புரியாமல்.

"பாஸ் ஆன பையன் என்னை ஏன் டீச்சர் இன்னும் கூப்பிட மாட்டேங்குறான்?"

ஆண்டனியை உட்காரவைத்து எவர்சில்வர் டம்ளர்களைக் கொடுத்தேன். அடுக்கவில்லை. எழுந்து போய்க் கொடியில் கிடந்த என் பச்சைத் துண்டை இழுத்து வந்தான். தரையில் விரித்து, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டைக்காக என் முன்னால் கையை நீட்டினான்.

அவன் பாஸ் என்று எழுதிய அந்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கு. அவனைச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் சேர். இதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

கனகவல்லி


ஹடப்சர்
21 ஆகஸ்ட் 1999

கனகா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது, இரண்டாம் தடவை கோபம்.

நீ நாற்பது பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் நடத்தியவள். நான் கையாள்வது தவழுகிற பிள்ளைகளை. எங்கள் சோதனை யாரோ நேற்றுத் தனக்குத் தோன்றியபடி செய்தது அல்ல. ஆண்டனி எட்டுக் கட்டை அடுக்குகிறான், வடிவங்களைப் பொருத்துகிறான். மதிப்பெண் வந்தால் வந்ததுதான். வகுப்பில் இடம் கேட்டு எத்தனை தாய்மார் என் வாசலில் நிற்கிறார்கள் தெரியுமா? அவனைவிட மோசமான நிலையில் இருக்கும் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?

என் மாணவர்கள் வேறு எங்கே போய்ப் படிப்பார்கள்? பொம்மையை மடியில் வைத்துப் படிக்க முடியுமா? வீட்டைத் திறந்துவிடுகிற குடும்பம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ரிடையராகி வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாது.

செப்டம்பர் கடைசியில் நன்கொடை கொடுக்கும் ட்ரஸ்ட்காரர்கள் வருகிறார்கள். முன்னேறிய குழந்தை என்று ஆண்டனியைத்தான் காட்டப்போகிறோம். அடுத்த வாரம் தீப்தி என்கிற மாணவி ஒத்திகைக்கு வருவாள். தயவுசெய்து நடுவில் புகாதே.

பாமா


போபோடி
3 செப்டம்பர் 1999

பாமா,

நடுவில் புகுந்தேன்.

உன் தீப்தி வந்தாள். பாவம், நல்ல பெண், தமிழ் தட்டித் தடுமாறித்தான் வருகிறது. சோனியா வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன்.

"பையை என்கிட்ட குடும்மா. உள்ள போய் அவனோட விளையாடு."

"ஆன்ட்டி, பையில இருக்கற கிட் இல்லாம... என்ன பண்றது?"

"நீ எதுக்குப் படிக்கற?"

"சின்னப் பசங்களோட வேலை பண்றதுக்கு."

"அவன் சின்னப் பையன்தான். போ."

போனாள். சுவரோரமாக நின்றாள். ஆண்டனி பாத்திர மூடி ஒன்றைத் தரையில் சுழலவிட்டு, அது ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் "ஆண்டனி, ஆண்டனி" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். திரும்பவில்லை. என் பக்கம் பார்த்து, "மேடம் இதைச் சொல்லித் தரலை ஆன்ட்டி" என்றாள். கண் கலங்கிவிட்டது அந்தப் பெண்ணுக்கு. அவள் மேல் எனக்கு ஒரு துளி கோபமில்லை. உன் மேல் இருக்கிற கோபத்தை எந்தப் பாத்திரத்தில் பிடித்து வைப்பது என்று தெரியவில்லை.

நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒருத்தி தினமும் வந்து தண்ணீரின் ஆழத்தை மட்டும் அளந்துவிட்டுப் போனால் அவளை என்ன சொல்வாய்?

குடும்பத்துக்குத் துணை என்று போர்டில் எழுதியிருக்கிறாய். ராத்திரி அவன் தூங்காமல் கத்தும்போது என்ன செய்வது என்று சோனியா உன் மாணவர்களிடம் கேட்டிருக்கிறாள். "அது அடுத்த பேட்ச் பார்த்துக்கும்" என்று பதில் வந்ததாம். சேவியர் இப்போது அவளிடம், "டீ போட்டுக் குடுத்து என்ன கிடைச்சுது? உன் டீச்சரம்மா சிநேகிதிக்குப் பேர் கிடைச்சுது" என்கிறான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பின்வாசல் வழியாகப் போய் வருகிறேன்.

ட்ரஸ்ட்காரர்கள் முன்னால் அவனைக் காட்டினாயானால், கல்யாணசுந்தரத்தை எழுப்பிய ஹெட்மாஸ்டரைப் பார்த்து உனக்கு அன்று வந்த கோபம் வெறும் நடிப்பு என்று முடிவு செய்துகொள்வேன். அதற்கப்புறம் நீ யாரோ, நான் யாரோ.

கனகவல்லி


ஹடப்சர்
20 செப்டம்பர் 1999

கனகா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை போபோடிக்கு வந்தேன். நீ கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் வந்தேன். உன்னைப் பார்க்கும் தைரியம் இல்லை, கோபமும் ஆறவில்லை.

சோனியா கதவைத் திறந்தாள், சிரிக்கவில்லை. ஆண்டனி என் தோள்பையைப் பார்த்ததும் ஓடிப்போய்த் துண்டு கொண்டுவந்து விரித்தான். நீ கடிதத்தில் மிகைப்படுத்துகிறாய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் பையைத் திறக்கவில்லை. அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவன் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இருந்த நேரம் முழுக்க என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எங்கள் சோதனைத் தாளில் எந்தக் கட்டமும் அதை எழுத இடம் கொடுக்கவில்லை; நானும் மாணவர்களிடம் அதைக் கேட்கவில்லை.

ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். நாளை செவ்வாய்க்கிழமை, வகுப்பு உண்டு. அவர்களை அழைத்து வர ஆட்டோ அனுப்புகிறேன். ட்ரஸ்ட்காரர்களுக்கு எந்தக் குழந்தையையும் காட்டப்போவதில்லை. என்ன நடந்தது என்பதை நானே சொல்வேன். பணம் நின்றாலும் நிற்கும். இனிமேல் ஒரு மாணவி, ஒரு குடும்பம். படிப்பு முடிகிறவரை அந்த வீட்டை விட்டு மாறக்கூடாது.

புது பேட்ச் அக்டோபரில் தொடங்குகிறது. முதல் நாள் நீ வந்து பேசேன். என்னைத் திட்டியே பேசு.

பாமா


போபோடி
2 அக்டோபர் 1999

அன்புள்ள பாமா,

வரமாட்டேன். இவ்வளவு சீக்கிரம் உன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார என்னால் முடியாது. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு வருஷம் என்பது எவ்வளவு பெரியது என்று நீதானே மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறாய். அந்த வருஷத்தை உன் ஆட்டோ திருப்பிக் கொண்டுவராது. ஆனாலும் ஆட்டோ இரண்டு செவ்வாயும் வந்தது. சேவியரே பையனைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தான்.

ஆண்டனி இன்னும் யாரையும் கூப்பிடவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், நீ சந்தோஷப்பட்டுவிடக்கூடாது என்பதற்காக.

போன ஞாயிறு தீப்தி வந்தாள். நீ அனுப்பினாயா, அவளாக வந்தாளா, கேட்கவில்லை. கையில் ஒன்றுமில்லை. ஒரு மூடியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் சுழற்றினான், இவளும் சுழற்றினாள். அவன் நிறுத்தினால் இவளும் நிறுத்தினாள். ரொம்ப நேரம் அவ்வளவுதான். சோனியாவின் டீ ஆறிப்போயிற்று. பிறகு இவளுடைய மூடி அவனுடையதில் மோதி விழுந்தது. அவன் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான். சோனியா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் வராவிட்டால் என்ன, இதை உன் புது பேட்சுக்கு முதல் நாள் படித்துக் காட்டு:

நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போங்கள். பையை வாசலுக்கு வெளியே வையுங்கள். குழந்தை கையில் என்ன வைத்திருக்கிறதோ, அதேபோல் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அது உங்களைப் பார்க்கிறவரை வாயைத் திறக்காதீர்கள்.

கனகா