பதின்மூன்று துண்டு அப்பம்

புவெனஸ் அயர்ஸ், 1971 மார்ச் 14, ஞாயிறு, பகல் 12.40. என் முன்னால் பதின்மூன்று துண்டு அப்பம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் கைக்கு என் முத்தம். பூசை முடியும்வரை நிற்க அவருக்குப் பலம் இருக்கிறதா? நான் நலம். உன் முழங்காலுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு, "நான் படி ஏறலேன்னா அந்தப் பதினொரு வீட்டுக்கும் யாரு அப்பம் கொண்டுபோறது?" என்று எழுதியிருந்தாய். முட்டாள்தனம் என்று பதில் எழுதி வைத்திருந்தேன். இன்று கிழித்துவிட்டேன்.

பூசை முடிந்து இங்குள்ள நம் ஆர்மீனியக் கோயில் வாசலில் ஆசீர்வதித்த அப்பம் எடுத்தபோது, சின்ன வயதில் உன் பின்னால் படி ஏறிய பழக்கத்தில் என் கை பதினொன்றை எண்ணிச் சுருட்டிவிட்டது. தட்டு ஏந்தி நின்ற அஸ்னிவ் அம்மாள் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, வீட்ல எத்தனை பேரு?"

"நான் மட்டுந்தான்."

"ஒத்த வயித்துக்குப் பதினொண்ணா?"

"எங்கம்மா பெய்ரூட்ல பாதிரியார் சம்சாரம். கோயிலுக்கு வர முடியாதவங்களுக்கு எடுத்து எடுத்து..."

அவர் சிரிப்பு நின்றது. "அப்போ கணக்கு தப்பு. இங்க படுத்துக் கிடக்கிறவங்க பதிமூணு பேரு. இன்னும் ரெண்டு எடு," என்று முகவரிகளை என் சட்டைப் பையில் திணித்தார்.

காகிதத்தில் சுற்றினால் நொறுங்குகிறது. உன் பூத்தையல் கைக்குட்டை ஒன்று அனுப்பு. நீ பயன்படுத்திய பழையதே போதும்.

அவசரம். உன் வாஹே.

இனி செய்யப்போவது:

1. மூன்று மணிக்கு முதல் வீடு. நாலாம் மாடி, லிஃப்ட் ரிப்பேராம். அதையும் சரிசெய்யக் கருவிப் பெட்டியோடு போகிறேன்.

2. தம்பி ஹ்ராயருக்கு எழுதுகிறேன். உன் பதினொரு வீடும் இனி அந்தச் சோம்பேறியின் பொறுப்பு.

3. அடுத்த ஞாயிறும் ஏறுவேன். நீ முப்பத்தெட்டு வருடம் ஏறியாகிவிட்டது. உட்கார், அம்மா.