மேல்வீடு, கீழ்வீடு, ஒரே லைன்

3 பிப்ரவரி 2025, திங்கள்

காலையில் அண்ணன் படியில் நின்றபடியே சொன்னார். "அப்பாவ நாள் பூரா தனியா விட்டுட்டுப் போற, புனிதா. விஷ்ணு போன்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. இது சரிவராது லா. சுங்கை பூலோ முதியோர் ஹோம்ல ஒரு இடம் இருக்கு. மாசக் கடைசியில பதில் சொல்லணும்."

விஷ்ணு என்றால் அண்ணி விஷ்ணுப்ரியா. மாடியில் உட்கார்ந்துகொண்டு அப்பா அறைக் கேமராவைப் பார்த்து அண்ணனிடம் ஒப்பிக்கிறார். பக்கவாதம் வந்த மனிதருக்குச் சோறு ஊட்ட நான் மதியத்தில் காலேஜிலிருந்து ஓடி வருவது மட்டும் அந்தப் போனில் தெரியாது போலும்.

பொங்கலன்று அண்ணன் ஹோம் பேச்சு எடுத்தபோது அண்ணியிடம் வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். அன்றிலிருந்து பேச்சில்லை. அண்ணன் படிக்குக் கீழே ப்ளைவுட் கதவு போட்டுவிட்டார். தாழ்ப்பாள் அவர்கள் பக்கம்.

அப்பாவை எங்கும் அனுப்பமாட்டேன்.

8 பிப்ரவரி, சனி

கேமரா ரெக்கார்டர் அண்ணன் வாங்கியது, அதை மாற்றும் பாஸ்வேர்டு அவரிடம்; நான் படம் பார்க்க மட்டும்தான் முடியும். ஆனால் வீட்டு இன்டர்நெட் லைன் என் கையில். காலேஜில் மாணவர்கள் ஒரு பக்கம், ஆபீஸ் ஒரு பக்கம் என்று நான் தினமும் செய்கிற வேலைதான். ஒரே நெட்வொர்க் ஸ்விட்சுக்குள் இரண்டு வீலேன், அதாவது இரண்டு தனி நெட்வொர்க். இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது.

ஸ்விட்ச் மாடிப்படி உச்சியில் இருக்கிறது. அங்கே போக வேண்டியதில்லை, கீழே என் லேப்டாப்பிலிருந்தே செய்தேன். மேல்வீட்டு வயர்கள் செருகிய போர்ட்டுகள் வீலேன் 10. கீழ்வீடு 20. ரூட்டருக்குப் போகும் எட்டாம் போர்ட்டில் மட்டும் இரண்டும் தனித்தனி அடையாள டேக் போட்டுக்கொண்டு சேர்ந்து போகும். ரெக்கார்டர் அப்பா அறையில், அதாவது 20-இல். இனி மாடியிலிருந்து எட்டிப் பார்க்க முடியாது.

சேவ் அழுத்தவில்லை. அது என் பழக்கம். புதிதாகச் செய்ததை இரண்டு வாரம் ஓடவிட்டுத்தான் சேமிப்பேன். நடுவில் சொதப்பினால் ஸ்விட்ச் வயரைப் பிடுங்கி மாட்டினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அண்ணனிடம், "லைனப் பிரிச்சிட்டேன், இனிமே உங்க ஜூம் அறுந்துபோகாது" என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

12 பிப்ரவரி, புதன்

நேற்று தைப்பூசம். சாயங்காலம் தாழ்ப்பாள் திறந்து மூடும் சத்தம். போய்ப் பார்த்தால் கதவடியில் ஒரு கிண்ணம் பஞ்சாமிர்தம். "யாரும்மா வெச்சா?" என்று கேட்டார் அப்பா. "தெரியலப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

14 பிப்ரவரி, வெள்ளி

"விஷ்ணுவுக்குக் கேமரா வரலயாம்" என்றார் அண்ணன். "பாக்குறேன்" என்றேன். பார்க்கப்போவதில்லை.

19 பிப்ரவரி, புதன்

இப்போதே எழுதிவிடுகிறேன்.

காலேஜிலிருந்தே வீட்டு ஸ்விட்சுக்குள் நுழைந்தேன். அப்பாவின் டிவி பெட்டிக்கு ஒரு போர்ட் ஒதுக்க நினைத்தேன். அதற்கு முன் கேமராவைப் பார்த்தேன். கட்டில் காலி. பாத்ரூம் போயிருப்பார் என்று வேலையைத் தொடர்ந்தேன். அவசரத்தில் எட்டாம் போர்ட்டிலிருந்து 20-ஐ எடுத்துவிட்டேன். கீழ்வீடு மொத்தமும் போச்சு. நான் உள்ளே போன வழியும் அதுதான். கேமரா கறுப்பு. அப்பாவின் போனும் வைஃபையில்தான் ஓடுகிறது.

வயரைப் பிடுங்கி மாட்டினால் சரியாகிவிடும். வீட்டில் இருப்பது அண்ணி மட்டும். அவரைக் கூப்பிட்டால், அப்பாவைப் பார்க்க என்னால் முடியவில்லை என்று நானே வாக்குமூலம் கொடுத்த மாதிரி. ஹோமுக்கு வேறு காரணமே வேண்டாம். கிளம்பிப் போய்விடலாமா? அந்தக் காலை நேரத்துக் கிள்ளான் ரோட்டு ஜாமில் எப்போது போய்ச் சேர்வது?

கூப்பிட்டேன்.

"அண்ணி, படிமேல இருக்கிற ஸ்விட்ச் வயர பிடுங்கி மாட்டுங்க."

போனோடு அவர் நடக்கும் சத்தம். "கறுப்பு வயரா? ...மாட்டிட்டேன். மாமாவுக்கு ஏதாச்சுமா?"

"தெரியல அண்ணி. பாக்க முடியல."

தாழ்ப்பாள் சத்தம் போனில் கேட்டது. அப்புறம் "ஐயோ, மாமா!"

அலமாரிக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவில் விழுந்து கிடந்திருக்கிறார். கேமரா எட்டாத இடம். லைன் ஒழுங்காக இருந்திருந்தால் நான் காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு மதியம் வரை வேலை செய்திருப்பேன். ஆண்டவா.

கேமரா திரும்ப வந்தபோது அப்பாவின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணி மெல்ல மெல்லப் படத்துக்குள் வந்தார். அப்பா நெற்றியில் ரத்தம். ஆபீசில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

20 பிப்ரவரி, வியாழன்

எலும்பு எதுவும் முறியவில்லை. நெற்றியில் தையல். நேற்று அண்ணன் போர்ட் கிள்ளான் துறைமுக வேலையிலிருந்து யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, "இப்ப பாத்தியா?" என்று ஆரம்பித்தார். "இப்ப வேணாங்க" என்று அண்ணி தடுத்துவிட்டார்.

அண்ணன் காரை எடுக்கப் போனதும் என் பக்கம் திரும்பினார். "கேமராவ நீதான் மறைச்சியா?"

"ஆமா அண்ணி."

"ஹோமுக்கு அனுப்பத்தான் பாக்குறேன்னு நெனச்சியா? மாமா கட்டிலவிட்டு எந்திரிச்சா நான் படியெறங்கி அந்தக் கதவுகிட்ட வந்து நிப்பேன். விழுந்தா ஓடலாம்னு. திரும்பப் படுக்குற வரைக்கும் நிப்பேன். தொறந்து வரத்தான் பயம். நீ கத்துவ."

கேமராவை மறைத்து, அவர் நின்ற இடத்தை நான்தான் பிடுங்கியிருக்கிறேன்.

28 பிப்ரவரி, வெள்ளி

மதியத்தில் தான் பார்த்துக்கொள்வதாக அண்ணி சொன்னதும் அண்ணன் ஹோமுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மதியச் சோறு இப்போது அண்ணி ஊட்டுகிறார். அப்பா என்னிடம் சாப்பிடுவதைவிட அவரிடம் நன்றாகச் சாப்பிடுகிறார். எரிச்சலாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

2 மார்ச், ஞாயிறு

அண்ணனுக்கு ஜூம் மறுபடி அறுந்துபோகிறதாம். அன்று வயரைப் பிடுங்கியதில் நான் பிரித்ததெல்லாம் கலைந்து வீடு பழையபடி ஒரே லைனில் கிடக்கிறது. இன்று லேப்டாப்பை மாடிக்கே எடுத்துப் போய், ஸ்விட்ச் பக்கத்தில் படியில் உட்கார்ந்து செய்தேன். மேல்வீடு 10, கீழ்வீடு 20. அப்பா அறைப் போர்ட்டை மட்டும் 10-இல் வைத்தேன், மேல்வீட்டோடு.

அண்ணி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனைத் திறந்தார்.

"வருதா அண்ணி?"

"வருது. மாமா தூங்குறாரு."

இரண்டு வாரம் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. அங்கேயே சேவ் அழுத்தினேன்.