லூயிஷாமில் ஒரு விருந்தாளி

உன் சாம்பல் பை இன்று கையில் அகப்பட்டது.

உன்னுடைய பச்சைக் கோட்டை இவ்வளவு காலமும் படிக்கட்டடியில் உள்ள கொளுக்கியிலேயே விட்டுவைத்திருந்தேன். இந்தக் குளிருக்கு யாருக்காவது உதவட்டுமே என்று தருமக் கடைக்குக் கொடுக்க எடுத்து மடித்தபோது, உள்பையில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. பழைய காலுறையின் நுனியை வெட்டி முடிச்சுப்போட்ட சின்னப் பை. மேசையில் வைத்ததும் அதிலிருந்து மெல்லிய சாம்பல் எழும்பி, யன்னல் பக்கம் போகாமல் கதவுப் பக்கமாக நகர்ந்தது. வெம்பிளியில் ஒரு சமையலறைக்குள் காற்று எந்தப் பக்கம் போனால் யாருக்கு என்ன? இருந்தும் அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கோட்டைத் திரும்பவும் கொளுக்கியிலேயே மாட்டிவிட்டேன்.

நீ லண்டனுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு அன்ரி இதே பையைக் கண்டு, கோயில் திருநீறு என்று நினைத்து நெற்றியில் பூசிக்கொண்டார். "அன்ரி, அது யானைச் சாணி எரிச்ச சாம்பல்" என்று நீ சொன்னாய். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "யானை எண்டால் பிள்ளையார்தானே, பிள்ளை" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் எடுத்துப் பூசினார். இந்த வீட்டில் நாம் இருவரும் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்தச் சாம்பலுக்கு என்ன வேலை என்பதை நான் அறிந்தது எண்பத்தேழாம் ஆண்டு, ஆபிரிக்காவில். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்த நாம் இருவரும் அதற்குள் எங்கெங்கோ போய்விட்டிருந்தோம். நீ கணக்கு ஆசிரியர் ஒருவரைக் கலியாணம் செய்து அவரோடு சாம்பியாவுக்குப் போனாய். நான் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்து, ஓர் ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். உன் கணவர் வீதி விபத்தில் இறந்தபோது நீயும் இங்கேயே வந்துவிடுவாய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நீயோ உயிரியல் படிப்பித்த வேலையையும் விட்டுவிட்டு, லுவாங்வா ஆற்றங்கரையில் ஒரு சபாரி முகாமில் வழிகாட்டியாகச் சேர்ந்துவிட்டாய். முகாம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்கள் இராணுவ முகாமை நினைத்துப் பயந்த காலம் அது.

"எடி, ஒருக்கா வந்து பாரன். உனக்கு யானையள் காட்டுறன்" என்று தொலைபேசியில் சொன்னாய். இணைப்பு இரைந்துகொண்டிருந்தது. உன் குரலைக் கேட்டு அழுகை வந்ததால் நான் உடனே ஓம் என்று சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டு விருந்தாளிகளைக் காலையில் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போவது உன் வேலை. முன்னால் துவக்கோடு ஒரு காவலர். அடுத்தது நீ. பின்னால் நாங்கள், ஒருவர் பின் ஒருவராக. விருந்தாளிகள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு, தந்தத்துக்காக யானைகளைச் சுட வருபவர்களைத் தேடித் திரியும் காவலர்களின் சம்பளத்துக்குப் போனது. சுடுபவர்கள் மிகுந்திருந்த நேரம். முதல் நாளே ஒரு யானையின் உடலிடம் எங்களைக் கூட்டிப்போனாய். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "பாருங்கள். இதைப் பார்த்துவிட்டுத்தான் உயிரோடு இருப்பவற்றைப் பார்க்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். விடுதியில் பல்லிக்குப் பயந்து என் கட்டிலில் ஏறியவள் நீதானா என்று நான் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் காய்ந்த ஆற்றுப்படுகைக்கு அருகில் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினாய். பையைத் தட்டினாய். சாம்பல் எங்கள் முகத்துக்கு நேரே வந்தது. காற்று யானைகளிடமிருந்து எங்களிடம் வருகிறது, எங்கள் மணம் அவற்றுக்குப் போகாது. அப்படியே குந்தியிருந்து பார்த்தோம். மணலைக் காலால் தோண்டி ஊறிய நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. பெண் யானைகளில் சிலவற்றுக்குத் தந்தமே இல்லை.

"அது ஊனமில்லை," என்று என் காதுக்குள் சொன்னாய். "பிறப்பே அப்பிடித்தான். கொம்புள்ளதுகளை எல்லாம் சுட்டுப்போட்டாங்கள். கொம்பில்லாததால இவையள் மிஞ்சியிருக்கினம். ஆனால் சரியான கோவக்காரியள்."

பின்னேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருவரும் இருந்தோம். ஊரில் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் இல்லை என்று கேட்டாய். சொன்னேன். பிறகு, "இஞ்ச எனக்குத் தமிழ் கதைக்க ஒருத்தரும் இல்லையடி. சில நேரம் சொல்லுகள் மறந்துபோகுது" என்றாய். என்னோடு வந்துவிடு என்று கேட்டேன். "வந்து? உன்ர லண்டனில நான் ஆருக்கு எதைக் காட்டுறது?" என்று சிரித்தாய்.

ஆர்தர் உன்னிடம் வந்தது அதற்கு அடுத்த வருடம். லண்டனில், லூயிஷாமில் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். யானை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த அவருடைய மனைவி பார்க்காமலே போய்விட, அவர் மட்டும் வந்தார். நடந்ததை நீ எனக்குத் தொலைபேசியில் சொன்னாய், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

பற்றைக்குப் பின்னாலிருந்து தந்தமில்லாத ஒரு தாய் யானை குட்டியோடு வெளிப்பட்டது. காற்றுத் திடீரென்று திரும்பிவிட்டது. அது காதை விரித்துக்கொண்டு வந்தது. புறப்படுவதற்கு முன்னால் நீ எல்லோருக்கும் சொல்வது ஒன்றைத்தான்: என்ன நடந்தாலும் ஓட வேண்டாம். மற்றவர்கள் உறைந்துபோய் நின்றார்கள். ஆர்தர் ஓடினார். ஓடி விழுந்தார். யானை உங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு அவரைக் குறிவைத்தது. நீ இடையில் பாய்ந்து இரண்டு கையையும் உயர்த்திக் கத்தினாய். அது நிற்கவில்லை. காவலர் சுட்டார்.

"எனக்கு முன்னாலதான் விழுந்தது. தொட்டிருக்கலாம்," என்றாய். "எத்தனை துவக்குக்குத் தப்பினவள். கடைசியில எங்கட துவக்குக்கு."

குட்டி தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததாகவும், பிறகு பற்றைக்குள் ஓடிவிட்டதாகவும் சொன்னாய். கூட்டத்தோடு சேர்ந்ததா என்பது தெரியாது. நீ அதைத் தேடி அந்தப் பருவம் முழுக்க அலைந்தாய்.

அதன்பிறகு நீ விருந்தாளிகளை யானைகளுக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை. தூரத்து மேட்டில் இருத்தி, தொலைநோக்கிக் கண்ணாடியால் பார்க்க வைத்தாய். முகாம் முதலாளி கொஞ்சக் காலம் பொறுத்தார். பிறகு, கிட்டப் போய்ப் பார்க்கத்தானே ஆட்கள் வருகிறார்கள் என்றார். நீ உன் முடிவை மாற்றவில்லை. தொண்ணூற்றொன்றில் உனக்கு வேலையும் இல்லை, விசாவும் இல்லை. ஊருக்குப் போகவும் வழியில்லை. ஒரு பையோடு ஹீத்ரோவில் வந்து இறங்கி, அகதியாகப் பதிந்தாய். அந்தப் பச்சைக் கோட்டை நான்தான் கொண்டுவந்து உன் தோளில் போட்டேன்.

நீ பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலைக்குப் போனாய். நம் ஆட்களின் கலியாண வீடுகளில் உன்னை வேடிக்கை பார்த்தார்கள். "யானை மேய்ச்ச அக்கா" என்று ஒருவர் சொன்னது உன் காதில் விழுந்தது. நீ அவரிடமே போய், யானையை யாரும் மேய்க்க ஏலாது என்று பொறுமையாக விளக்கினாய். பிறகு நீ அப்படியான இடங்களுக்கு வருவதில்லை. வேலை முடிந்து வந்தால் பின்வளவுக் கதவைத் திறந்துவிட்டு, ஒரு நரியாவது வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்பாய். ஒரே வீட்டில் இருந்தோம். ஆனாலும் நீ எங்கோ இருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நேரத்துக்கு எழும்பி, தலை வாரி இழுத்து, "லூயிஷாமுக்குப் போட்டு வாறன்" என்று புறப்படுவாய். அங்குள்ள சிவன் கோயிலுக்கு என்றே நான் நினைத்திருந்தேன். மனம் ஆறுகிறாள் என்று எனக்கு நிம்மதி. ஒரு நாள் கேட்டேன்:

"இண்டைக்குக் கோயிலில நல்ல சனமோ?"

"எந்தக் கோயில்?"

"லூயிஷாம் கோயில்தான்."

"நான் எப்ப கோயிலுக்குப் போறன் எண்டு சொன்னனான்? நான் ஆர்தரிட்ட எல்லோ போறன்."

அப்போதுதான் சொன்னாய். அவர் ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் முகாமுக்கு அட்டை அனுப்புவாராம். உள்ளே ஒரு சொல்லும் இராது, பெயர் மட்டும். லண்டனுக்கு வந்ததும் அவருடைய வீட்டைத் தேடிப் போயிருக்கிறாய். மனிதர் கடைக்குப் போவதைத் தவிர வெளியே இறங்குவதையே விட்டிருந்தார்.

"அந்த மனிசனாலதானே எல்லாம் போனது உனக்கு" என்று எனக்குக் கோபம் வந்தது.

"என்னை நம்பி வந்த விருந்தாளியடி. பத்திரமாக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில விடுறதுதான் என்ர வேலை. மனிசன் இன்னும் வீடு போய்ச் சேரேல்லை."

அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிப்போனாய். நான்காம் மாடியில் ஒரு கவுன்சில் வீடு. மெலிந்த, உயரமான மனிதர். பழுப்புப் பூனைபோல ஒரு கம்பளிச் சட்டை. தேநீர் போட்டுத் தந்தார். நீங்கள் இருவரும் யன்னலோரம் இருந்து கீழே சந்தை கலைவதைப் பார்த்தீர்கள். யாரும் எதையும் பேச வேண்டும் என்று நினைக்கவில்லை. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. புறப்படும்போது அவர் கேட்டார்: "குட்டி பிழைத்திருக்குமா?" நீ அவருடைய முகத்தைப் பார்த்தே, "தெரியாது, ஆர்தர்" என்றாய். ஒவ்வொரு முறையும் இதையே அவர் கேட்பார், நீயும் இதையே சொல்வாய் என்பதை ரயிலில் வரும்போது அறிந்தேன்.

"பிழைச்சிட்டுது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன? வயசுபோன மனிசன்."

"சொல்லலாம். பேந்து நான் சொல்லுற வேறை எதை நம்புவார்?"

"வேறை என்ன சொல்லுறனீ?"

"அவரில பிழை இல்லை எண்டு," என்றாய். "ஓடுறது பயம். பயம் பிழையோ?"

கடைசிக் காலத்தில் நீ ஹரோ ஆஸ்பத்திரியில் இருந்தாய். வயிற்றில் தொடங்கியது எல்லா இடமும் பரவியிருந்தது. இரண்டு பஸ் மாறி ஆர்தர் வந்தார். வாசல் இறங்கப் பயந்தவர், லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு. நீ கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாய். "தனியாவோ வந்தவர்?" என்று என்னிடம் கேட்டாய். ஓம் என்றேன். பெரிய வேலை ஒன்று முடிந்ததுபோல மூச்சு விட்டாய். அந்தக் கிழமையே போய்விட்டாய்.

நீ போனபிறகு வந்த முதல் ஞாயிறு, செய்ய ஒன்றும் இல்லாமல் நான் லூயிஷாமுக்குப் போனேன். அவர் இரண்டு கோப்பை வைத்திருந்தார். அன்றுமுதல் போகிறேன். உங்களைப்போல இருக்க எனக்குப் பழகிவிட்டது. இப்போது சும்மா இருக்கும் நேரம் எனக்குப் பாரமாக இல்லை. திரும்பி வந்து இந்த வீட்டைத் திறக்கும்போதுதான் பாரம்.

போன ஞாயிறு அவர் வழமையான கேள்வியைக் கேட்கவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவளிடம் கேட்கத் துணியவில்லை" என்றார். அன்றைக்கு யானை விழுந்தபிறகு நீ ஏதோ சொன்னாயாம், உன் மொழியில். அவர் உனக்குப் பின்னால் நிலத்தில் கிடந்தார். உன் முதுகு மட்டும் தெரிந்தது. "என்னைச் சபித்தாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறேன். சபிக்க அவளுக்கு உரிமை இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாளே, அதுதான் விளங்கவில்லை."

அந்த ஒலியை அவர் மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"பயபிடாடே பில்லே. நான் நிக்ரன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். பயப்பிடாதை பிள்ளை, நான் நிக்கிறன்.

நான் எழுந்து யன்னலோரம் போய் நின்றேன். அங்கிருந்தே அவருக்குப் பொருளைச் சொன்னேன். நீ யாருக்குச் சொன்னாய் என்று அவர் கேட்டார். முன்னால் தாயை இழந்த குட்டி நின்றது. பின்னால் அவர் விழுந்து கிடந்தார். உன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

உங்களுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியாது, ஆர்தர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அது போதும் என்பதுபோல. பிறகு அந்த வார்த்தைகளைச் சரியாகச் சொல்லித் தரக் கேட்டார். 'ள'கரம் அவருடைய நாவுக்கு வரவே இல்லை. இருள முன்னம் நான் புறப்பட்டேன்.

உன் குரல் எனக்கு மங்கிக்கொண்டு வருகிறது என்பதை யாரிடமும் சொன்னதில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன். இப்போது வேலையால் வந்து கதவைத் திறந்து விளக்கைப் போடும்போது, அந்த வார்த்தைகள் ஒரு கிழட்டு ஆங்கிலேயரின் பிழையான தமிழில்தான் என் காதில் கேட்கின்றன. பில்லே, நான் நிக்ரன். என் கோட்டைக் கழற்றாமல் வாசல் நடையில் நின்று, முடியும்வரை கேட்கிறேன்.