ஒலிபெருக்கியும் இடது கன்னமும்

2002 ஜனவரி 9

இறங்குதுறையில் நின்று மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்கு ஆள் கூப்பிடுவதுதான் என் வேலை. இன்று வாய் திறக்க ஏலவில்லை. இடது கன்னத்தில் கடற்காற்று பட்டதும் கரண்ட் அடித்ததுபோல் ஒரு வெட்டு. ஒலிபெருக்கியைக் கீழே போட்டுவிட்டேன். மூன்று வருடமாக இதே கதை. நல்ல பல் இரண்டைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று. பல் போனதுதான் மிச்சம்.

ஜனவரி 10

மேலதிகாரி சோமசேகரம் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். "ஏப்ரல் முடியிறதுக்குள்ள குரல் வராட்டி உங்களைக் களஞ்சியத்துக்கு மாத்தவேண்டி வரும், ராசதுரை." பதினெட்டு வருடம் கடலைப் பார்த்து நின்றவன், இனி எலியைப் பார்த்துக்கொண்டு இருப்பதா?

ஜனவரி 28

டொக்டர் ஸெய்னுதீன் பல்லைப் பார்க்கவே இல்லை. முகத்து நரம்பாம். குளிசை தந்தார்.

"கனகாலம் நொந்தா மூளையில ஒரு பகுதி மற்றதோட கதைக்கிற விதமே மாறிப்போகுதெண்டு ஆராய்ச்சி செய்யிறாங்க. நோ நிண்டாலும் உடனே பழையபடி வராது. மெல்ல மெல்லத் திரும்பும்."

மூளையே மாறிவிட்டதா? வீடு வரும்வரை பயம்தான்.

பெப்ரவரி 23

யுத்தநிறுத்தமாம். மனைவி கமலாதேவி பாயசம் வைத்தாள். வலப்பக்கத்தாலேயே குடித்தேன்.

மார்ச் 19

நோ இல்லாத இருபதாவது நாள். ஆனாலும் உரத்துக் கதைக்கப் பயம். இடப்பக்கம் சவரமும் இல்லை. "பாதித் தாடியோட எங்க வெளிக்கிடுறீங்கள்?" என்கிறாள் கமலாதேவி.

ஏப்ரல் 8

லோஞ்சு ஏறுபவர்களின் அடையாள அட்டையைப் பார்த்துவந்த இறங்குதுறைச் சோதனைச்சாவடியை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 11

சாவடி இருந்த வெறும் இடத்தில் சனம் இன்றும் வரிசையாக நிற்கிறது, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி. லோஞ்சு இரைந்துகொண்டு நிற்கிறது. கை காட்டினேன். ஒருவரும் அசையவில்லை. கிட்டப் போய், "செக்கிங் இல்லை, ஏறுங்கோ" என்றேன் மெதுவாக.

வரிசையில் முன்னால் நின்ற, அடிக்கடி லோஞ்சில் போய்வரும் மூதூர் உம்மு குல்சும் என்னையே பார்த்தா. "எங்களப் போகச் சொல்றீங்க. நீங்க ஏன் கன்னத்தப் பொத்திக்கொண்டு நிக்கிறீங்க? நோகுதா?"

"இல்லை."

"அப்ப கைய எடுங்க. நானும் இத உள்ளுக்கு வைக்கிறன்." அட்டையைப் பையில் வைத்தா.

கையை எடுத்தேன். காற்று பட்டது. காற்று மட்டும்தான். நடுத்துறையில் நின்று அழுதேன், பேயன்போல.

ஏப்ரல் 30

முழுச் சவரம். காலை லோஞ்சுக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டேன். வெறும் இடத்தில் நாலு பேர்தான் நின்றார்கள். இரண்டாம் தரம் கூப்பிட, அவர்களும் ஏறினார்கள். என் கையும் ஒருதரம் தானாகக் கன்னத்துக்குப் போனது. இறக்கினேன்.

கந்தோர் யன்னலால் சோமசேகரம் எட்டிப் பார்த்தார்.

"ராசதுரை, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ."