லேபில் போன வாசனை

சார், நேற்று நம் லேபில் காப்பி குடித்தேன். இப்போது அது லேப் இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வாங்கி, கண்ணாடி போட்டு, ஏசி வைத்து ஆபீஸ் ஆக்கிவிட்டார்கள். என் மருமகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். வீட்டாரைக் கூட்டிவரச் சொன்னார்கள் என்று என்னையும் காக்களூருக்கு அழைத்துப்போனாள். பெயிண்டைக் கரைக்கும் தின்னரை நாம் சோதித்த கருங்கல் மேடை அப்படியே இருக்கிறது, அதன்மேல் காப்பி மெஷின். "வாசன ஆளையே தூக்குது இல்ல அத்தே?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். எனக்குச் சூடு மட்டும்தான் தெரிந்தது.

நாம் வேலை பார்த்த பெயிண்ட் கம்பெனிக்கு நீங்கள்தான் பெரிய கெமிஸ்ட். தின்னர் டிரம் வந்து இறங்கியதும் காகிதத் துண்டை அதில் தோய்த்து, அந்த மேடையருகே நிற்கும் பெண்களான எங்கள் மூக்கருகே நீட்டுவீர்கள். கலப்படத்தை மூக்கே சொல்லிவிடும், மெஷின் ரிசல்ட் வரும்வரை லாரி எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பீர்கள். மாஸ்க் கேட்டால் சிரிப்பீர்கள். என் மூக்கு மாதிரி கும்மிடிப்பூண்டி வரைக்கும் தேடினாலும் கிடைக்காது என்று எல்லார் எதிரிலும் சொல்வீர்கள். நானும் பூரித்துப்போய் இன்னும் ஆழமாக இழுப்பேன்.

ஒரு நாள் வீட்டில் அடுப்புப் பக்கத்திலேயே நின்றிருந்தும் குழம்பு அடிபிடித்தது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பதறிக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

"கொழம்பு தீஞ்சிகினு கீது, எனக்கு ஒண்ணுமே தெரியல சார்."

"சளியா இருக்கும்மா. ஆவி புடி, சரியாப்பூடும்."

அடுத்த வாரமே என்னை டப்பாவுக்கு லேபிள் ஒட்டத் தள்ளிவிட்டு, மேடைக்கு வேறொரு பெண்ணைக் கூட்டிவந்தீர்கள்.

அப்போதுகூட நான் உங்களை வையவில்லை. பாவம், தெரியாமல் செய்திருப்பார் என்றே நினைத்திருந்தேன். போன வருஷம் நீங்கள் இறந்த அன்று மணவாள நகரில் உங்கள் வீட்டுக்கு மாலையோடு வந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கல்யாணமான புதுசுலயே அவருக்கு வாசன போயிடுச்சும்மா. எல்லாம் அந்த லேபாலதான். யார்கிட்டயும் சொல்லமாட்டாரு" என்றார்.

ஆக, தெரிந்தேதான் செய்திருக்கிறீர்கள். உங்கள் மூக்கு போனதும் எங்கள் மூக்கைப் பிடுங்கிக்கொண்டீர்கள். மாலையை வாசலிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். இப்போது அந்த ஆபீஸ் சுவரில், பழைய கம்பெனியின் நினைவாக என்று, உங்கள் படத்தை மாட்டியிருக்கிறார்கள். நன்றாகத்தான் சிரிக்கிறீர்கள்.

மகள் பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருக்கிறாள். பேத்தியைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி என் மடியில் போடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் குனிந்து உச்சி முகர்ந்து, பிள்ளை வாசம் தனி வாசம் என்கிறார்கள். நானும் குனிகிறேன். ஒன்றும் வருவதில்லை. குழந்தையின் காதில் விழாதபடி உங்களைத் திட்டிவிட்டுத்தான் நிமிர்கிறேன்.